கொத்தனாரின் பாஷையைக் கற்ற வெள்ளைக்காரர்

கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பப் பட்டறை ஒன்றின் பக்கமாகப் போகிறவர்கள் காதில் முதலில் விழுவது உளிச் சத்தம்தான். வாகைக் கட்டையிலிருந்து செதில் செதிலாக மரம் உதிர்கிறது. சற்று நேரத்தில் யானை முகம் ஒன்று தலைகாட்டுகிறது. பிறகு தும்பிக்கை, பிறகு தொந்தி. எந்த இடத்தில் உளி எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பதைச் சிற்பியின் கை அறிந்து வைத்திருக்கிறது. அந்த அறிவு தகப்பன் மகனுக்கும் குரு சீடனுக்கும் கொடுத்துக் கொடுத்து வந்த சொத்து. சின்னசேலத்திலும் திருக்கோவிலூரிலும் இதே தொழிலைச் செய்கிறவர்கள் உண்டு.

ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை. அங்கு வாழும் மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள், தலைமுறை தலைமுறையாக மூங்கிலையும் மண்ணையும் புல்லையும் கொண்டு தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டிக்கொண்டவர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கும், மழை எந்தப் பக்கம் சாரும் என்பது அவர்களுக்குத் தெரியும். எஞ்சினீயர் வந்து பிளான் போட்டுக் கொடுக்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்ததில்லை.

இத்தகைய கைகளுக்கென்று தனிப் பாஷை ஒன்று உண்டு. இந்தியாவில் கட்டடம் கட்ட வருகிறவன் அந்தப் பாஷையில்தான் கட்டவேண்டும். இப்படி ஒரு வாதத்தை 140 ஆண்டுகளுக்கு முன்னால் லண்டன் கட்டடக்கலை வல்லுநர்களின் சபையிலே எடுத்து வைத்தார் ஓர் ஆங்கிலேயர். அவர் கண்ட கைகள் சென்னை, மதுரை, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களின் கைகள். ஆனால் அவர் கண்ட உண்மை கள்ளக்குறிச்சிக்கும் பொருந்தும், கல்வராயன் மலைக்கும் பொருந்தும்.

அவர் பெயர் ராபர்ட் பெல்லோஸ் சிஷோம். சென்னைக் கடற்கரைச் சாலையில் காற்று வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அவருடைய கைவண்ணத்தைப் பார்த்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டால்தான் பலருக்குத் தெரியாது.

போட்டியில் வென்ற வாலிபர்

சிஷோம் லண்டனில் 1840-ல் பிறந்தவர். ஓவியத்தில் ஈடுபாடு கொண்டவர். பிழைப்புத் தேடிக் கப்பலேறி இந்தியா வந்த எத்தனையோ ஆங்கிலேய வாலிபர்களில் அவரும் ஒருவர். கல்கத்தாவில் பொதுமராமத்து இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சென்னை ராஜதானியில் இரண்டு பெரிய கட்டடங்கள் தேவைப்பட்டன. மாநிலக் கல்லூரி 1840-ல் தொடங்கப்பட்டும் தனக்கென்று தகுந்த இடமில்லாமல் இருந்தது. 1857-ல் பிறந்த சென்னைச் சர்வகலாசாலைக்குப் பட்டமளிப்பு விழா நடத்தப் பெரிய மண்டபம் இல்லை. இந்த இரண்டுக்கும் பிளான்கள் அனுப்பலாம் என்று 1864-ல் சர்க்கார் விளம்பரம் செய்தது. போட்டியில் வென்றவர் சிஷோம். வயது 24.

சென்னைக்கு வந்து சேர்ந்தார். கல்லூரிக்கு 1867-ல் அஸ்திவாரம் போடப்பட்டது. 1870-ல் விக்டோரியா மகாராணியின் மகன் எடின்பரோ கோமகன் விஜயம் செய்தபோது கட்டடம் திறக்கப்பட்டது. இன்று அதன் உச்சியில் தெரியும் நான்கு முகக் கடிகாரத்தோடு கூடிய கோபுரம் 1940-ல் சேர்ந்தது. மற்ற உருவம் சிஷோம் கொடுத்தது. இதே காலத்தில் நீலகிரியில் லவ்டேல் லாரன்ஸ் பள்ளிக்கும் உதகை நூலகத்துக்கும் அவரே பிளான் போட்டார்.

இந்த முதல் கட்டடங்களில் ஒன்றைக் கவனிக்கலாம். மாநிலக் கல்லூரி இத்தாலியப் பாணி. லவ்டேல் பள்ளியும் உதகை நூலகமும் ஐரோப்பாவை நினைவூட்டுகிறவை. அந்நாளில் வெள்ளைக்கார சர்க்கார் கட்டிய கட்டடங்கள் எல்லாமே அநேகமாக இப்படித்தான். சீமையிலிருந்து புத்தகம் வரும். புத்தகத்தில் படம் இருக்கும். அதைப் பார்த்து இங்கே கட்டுவார்கள். கல் தூண் எழும்ப வேண்டிய இடத்தில் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசிவிட்டால், தூரத்துப் பார்வைக்குச் சலவைக்கல் மாதிரி இருக்கும்.

அந்தப் பூச்சு யாருடைய வித்தை? சென்னைக் கொத்தனாருடையது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, வெல்லநீர், கடுக்காய்ச் சாறு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினால் சுவரில் முகம் பார்க்கலாம். தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாக அடுக்கித் தளம் போடுவதும் அவன் வித்தைதான். அந்தத் தளத்துக்கே மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் வந்துவிட்டது. இவ்வளவும் தெரிந்தவன் கையில் அன்னிய நாட்டுப் படத்தைக் கொடுத்து, இதைப் பார்த்து அப்படியே செய் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சிஷோமும் முதலில் அப்படிச் சொன்னவர்தான். அவர் மனம் மாறியதுதான் அவருடைய சரித்திரம்.

மதுரையில் கிடைத்த பாடம்

1866 முதல் 1872 வரையில் சென்னைக் கவர்னராக இருந்தவர் நேப்பியர் பிரபு. கட்டடக் கலையில் உண்மையான ஆர்வம் உள்ளவர். 1870-ல் அவர் சென்னையில் ஒரு பிரசங்கம் செய்தார். இந்தியாவில் சர்க்கார் கட்டும் கட்டடங்களுக்கு இந்திய முஸ்லிம் பாணி ஏற்றது. அதன் வளைவுகளும் குவிமாடங்களும் பெரிய மண்டபங்களுக்கு உதவும். இந்த நாட்டு வெயிலுக்கும் ஏற்கும் என்பது அவர் கருத்து. கவர்னரே இப்படிப் பேசியது இளம் சிஷோமுக்குப் புதிய வாசலைத் திறந்துவிட்டது.

நேப்பியர் பிரபுவின் கவனத்தைக் கவர்ந்த இன்னொன்று மதுரைத் திருமலை நாயக்கர் மகால். 1623 முதல் 1659 வரையில் ஆண்ட திருமலை நாயக்கர் 1636 வாக்கில் எழுப்பிய மாளிகை அது. அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது அதன் பல பகுதிகளைப் பிரித்து எடுத்துப் போனார். மிஞ்சியது பழைய மாளிகையில் ஒரு சிறு பங்குதான். அதுவும் இடிபாடாகக் கிடந்தது. நேப்பியர் பிரபுவின் முயற்சியால் பழுதுபார்க்கும் வேலை நடந்தது.

அந்தப் பணியில் சிஷோம் பங்கேற்றார். மகாலை அளந்து, ஆராய்ந்து, படம் வரைந்தார். பிற்பாடு அதைப் பற்றி லண்டன் கட்டடக்கலைச் சங்கத்தில் கட்டுரையும் சமர்ப்பித்தார்.

மகாலுக்குள் அண்ணாந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் தூண்களின் பருமனைக் கண்டு மலைப்பார்கள். சிஷோம் கண்டது வேறொன்று. அங்கே யாளி இருக்கிறது, பக்கத்திலேயே முஸ்லிம் கட்டடங்களுக்குரிய வளைவு இருக்கிறது, ஐரோப்பியச் சாயலும் தெரிகிறது, மேலே குவிமாடம். இத்தனையும் சண்டையில்லாமல் ஒரே கூரையின்கீழ்க் குடியிருக்கின்றன. இந்து அரசன் ஒருவனுக்காக நம் நாட்டுத் தொழிலாளிகள் கட்டியது அது. பல நாட்டு வழக்கங்களை எடுத்து, அரைத்து, தன்னுடையதாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் தமிழ்நாட்டுச் சிற்பிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கைவந்திருந்தது.

அப்படியிருக்க, அவனுக்குச் சீமைப் புத்தகம் எதற்கு?

கடற்கரைச் சாலையில் ஒரு மனமாற்றம்

சென்னைக் கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரியிலிருந்து வடக்கே நடந்தால், ஒரு மனிதரின் உள்ளம் மாறிய கதையைக் கண்ணாலேயே படித்துவிடலாம்.

முதலில் 1870-ல் திறந்த இத்தாலியப் பாணிக் கல்லூரி. அதைத் தாண்டியதும் சேப்பாக்கம் அரண்மனை. ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி வாலாஜாவுக்காக 1768-ல் கட்டப்பட்டது. நவாபு பட்டம் 1855-ல் ஒழிக்கப்பட்டபின் அரண்மனை சர்க்கார் கைக்கு வந்தது. அங்கே ஹுமாயூன் மகால், கலச மகால் என்று இரண்டு மாளிகைகள். இவற்றை இணைத்து நடுவே உயரமான கோபுரம் எழுப்பியவர் சிஷோம். கிழக்கே வருவாய்க் கழகத்துக்கான கட்டடத்தையும் அவரே கட்டினார். பழைய அரண்மனையின் சாயலுக்குப் புதியது மாறுபடாமல் இருக்கவேண்டும் என்பதில் அவர் கவனமாக இருந்தார். கலச மகாலில் 2012-ல் தீவிபத்து ஏற்பட்டுப் பெரும் சேதம் விளைந்தது. பின்னர் பழைய முறையிலேயே அதைப் புதுப்பித்தார்கள்.

அதற்கும் வடக்கே, கூவம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பது சர்வகலாசாலையின் செனட் மண்டபம். 1864 போட்டியில் வென்ற இரண்டாவது வேலை இதுதான். ஆனால் கட்டத் தொடங்கியது 1874-ல். இடையிலே கழிந்த பத்து ஆண்டுகள் வீண்போகவில்லை. போட்டிக்குப் படம் வரைந்த வாலிபரும் கட்ட வந்த மனிதரும் ஒருவரே என்றாலும், மனம் ஒன்றாக இல்லை. மதுரையைப் பார்த்த கண். சேப்பாக்கத்தில் பழகிய கை.

ஐந்து ஆண்டுகள் வேலை நடந்தது. 1879-ல் மண்டபம் முடிந்தது. நான்கு மூலைகளிலும் குவிமாடம் தாங்கிய கோபுரங்கள். வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். வடக்கிலும் தெற்கிலும் உள்ள முகப்புகளில் பருத்த கல் தூண்கள். அவற்றின் தலைப்பகுதியில் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே தூண்களே குறுக்கிடாத மாபெரும் கூடம். கீழைக் கிறிஸ்தவ நாடுகளின் பைசாந்தியப் பாணியும் இந்திய முஸ்லிம் பாணியும் கலந்த உருவம் அது. ஆனால் தூண் தலைகளைப் பார்க்கிறவர்களுக்கு உடனே நினைவு வருவது நம் ஊர்க் கோயில் மண்டபம்தான்.

எத்தனையோ தலைமுறைப் பட்டதாரிகள் இந்த மண்டபத்தில் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். 1937-ல் ராஜாஜி முதல் மந்திரியாகச் சென்னைச் சட்டசபை முதன்முதலில் கூடியதும் இங்கேதான். பின்னாளில் மண்டபம் கவனிப்பாரின்றிச் சிதைந்தது. சர்வகலாசாலையின் 150-வது ஆண்டை ஒட்டி அதைப் பழுதுபார்த்து மறுபடி எழச் செய்தார்கள்.

திருவனந்தபுரத்து ஓட்டுக்கூரை

சென்னைக்குப் பிறகு சிஷோமின் பள்ளிக்கூடம் திருவிதாங்கூர். அங்கே காட்சிசாலை ஒன்று கட்டவேண்டியிருந்தது. ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக்காலம் அது. சிஷோம் அந்தச் சீமையின் வீடுகளைச் சுற்றிப் பார்த்தார். மழை கொட்டித் தீர்க்கிற தேசம். அதற்கு ஏற்றபடி செங்குத்தாகச் சரியும் கூரை. காற்றுப் புகுவதற்கு முக்கோண முகப்பு. மரத்தில் நுணுக்கமான வேலைப்பாடு. தச்சன் ஒவ்வொரு சட்டத்தையும் ஒன்றோடொன்று கோத்துத்தான் கூரையை நிறுத்துகிறான்.

இந்தக் கூரையை வெட்டி எறிந்துவிட்டு மொட்டைமாடி போடுவது முட்டாள்தனம் என்று அவருக்குப் பட்டது. 1874-ல் தொடங்கி 1880-ல் முடிந்த நேப்பியர் காட்சிசாலை அதன் பலன். பல வண்ணக் கோடுகள் ஓடும் சுவர்கள். மேலே கேரளத்துக் கூரைகள். உள்ளே காற்று தானாகவே வந்து போகும்படி அமைத்திருப்பதால் மின்விசிறி இல்லாத காலத்திலும் புழுக்கம் தெரியாது.

திருவிதாங்கூரில் கற்ற பாடம் சென்னைக்கும் வந்தது. கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1884-ல் எழுந்த பெரிய தபால் ஆபீஸ் சிஷோமின் வேலை. அதன் கோபுரங்களுக்கு முதலில் கேரளத்துத் தொப்பிதான் வைத்தார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள விக்டோரியா மண்டபமும் அவர் போட்ட பிளான். அதற்கு விஜயநகரம் மகாராஜா 1883-ல் அஸ்திவாரக் கல் நாட்டினார். அதைக் காண்டிராக்ட் எடுத்துக் கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். சேத்துப்பட்டில் அவர் வைத்திருந்த பங்களாக்களும், கணிதமேதை ராமானுஜனின் கடைசிக் காலத்தில் தங்க இடம் கொடுத்த உதவியும் சென்னைவாசிகள் நன்றாக அறிந்தவை.

ஆசிரியர் ஆனார்

1877 முதல் 1883 வரையில் சிஷோம் சென்னை ஓவியத் தொழிற்பள்ளியின் தலைவராகவும் இருந்தார். 1850-ல் டாக்டர் ஹண்டர் என்பவர் தொடங்கிய பள்ளி அது. இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்ற பெயரோடு எழும்பூரில் இருப்பதும் அதுவே.

நாட்டுத் தொழிலாளியின் கையைப் பல ஆண்டுகள் கிட்டத்தில் பார்த்துவிட்ட சிஷோம், தாம் கண்டதை 1883 வாக்கில் லண்டன் கட்டடக்கலைச் சங்கத்தின் முன் சொன்னார். அவர் சொன்னதன் சாரம் இதுதான். இந்தியாவில் கட்டடம் எழுப்பும்போது, கல்லிலும் மரத்திலும் தன் கைத்தடத்தைப் பதிக்கிறவன் உள்ளூர்த் தொழிலாளி. அவனுக்கென்று கலையில் ஒரு பாஷை இருக்கிறது. வெளிநாட்டான் அதை அடையாளம் கண்டுகொள்ளலாம். முழுவதும் புரிந்துகொள்ள முடியாது. ஆகவே இங்கே தொழில் செய்ய வருகிற கட்டடக்கலைஞன் தயக்கமின்றி இந்த நாட்டுப் பாணிகளையே கைக்கொள்ளவேண்டும்.

ஆள்கிற ஜாதியைச் சேர்ந்த ஒருவர், அதுவும் ஆளுகிறவர்களின் தலைநகரத்திலேயே, தனக்கு முழுவதும் புரியாத ஒரு பாஷை இங்கே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது சாதாரண விஷயமா?

பரோடா அரண்மனையின் சோகம்

சிஷோமின் வாழ்க்கையில் வந்த மிகப் பெரிய வேலை, அவர் தொடங்காத வேலை.

பரோடா சமஸ்தானத்தில் சாயாஜிராவ் கெய்க்வாட் சிறுவராக இருந்த காலம். திவானாக இருந்து நிர்வாகத்தை நடத்தியவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ்; அதற்கு முன் திருவிதாங்கூரில் திவானாக இருந்து பெயர் பெற்றவர். வளர்ந்துவரும் மகாராஜாவுக்காக லட்சுமி விலாச அரண்மனையைக் கட்ட 1878-ல் வேலை தொடங்கிற்று. பிளான் போட்டவர் மேஜர் சார்லஸ் மான்ட். கோல்ஹாப்பூர் புதிய அரண்மனையும் அஜ்மீர் மேயோ கல்லூரியும் அவர் வரைந்தவைதான். ஒரே சமயத்தில் பல சமஸ்தானங்களின் வேலைகள் அந்த ஒரு மனிதர் தலையில் ஏறின.

பாரம் தாங்கவில்லை. தம் கணக்குகளில் எங்கோ பிழை நேர்ந்துவிட்டது, கட்டடங்கள் எல்லாம் இடிந்து விழப்போகின்றன என்ற அச்சம் மான்டைப் பிடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். சித்தம் கலங்கிய நிலையில் 1881-ல் அவர் மறைந்தார்.

பாதியில் நின்ற அரண்மனை சிஷோமிடம் வந்தது. இறந்தவர் போட்ட பிளான். இறந்தவரைக் கொன்ற சந்தேகம். ஒவ்வொரு சுவரும் தாங்குமா, ஒவ்வொரு வளைவும் நிற்குமா என்று மறுபடி பார்த்துத்தான் மேலே கட்டவேண்டும். வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடுத்தவர் விட்டுப்போன சுவரின்மேல் கட்டுவது புதிதாகக் கட்டுவதைவிடக் கஷ்டம். சிஷோம் 1890-ல் அதை முடித்துக் கொடுத்தார். உள்ளே வெனிஸ் நகரத்து வேலைப்பாடு. சுவர்களில் ரவிவர்மாவின் ஓவியங்கள். அரண்மனை இன்றைக்கும் கம்பீரமாக நிற்கிறது. மான்டின் அச்சம் வீண் அச்சம்.

பரோடாக் கல்லூரிக்கு சிஷோம் எழுப்பிய பெரிய குவிமாடம் இன்னொரு அதிசயம். பிஜாப்பூரில் உள்ள கோல்கும்பாஸை நினைவூட்டுவது. 1880-களின் பிற்பகுதியில் சென்னை சர்க்கார் உத்தியோகத்தை விட்டபின் அவர் வாழ்க்கை பரோடாவோடு பிணைந்தது. சென்னையில் அவருக்குப்பின் வந்த ஹென்றி இர்வின், ஐகோர்ட்டையும் எழும்பூர்க் காட்சிசாலைக் கட்டடத்தையும் இதே வழியில் எழுப்பினார். சிஷோம் போட்ட பாதை ராஜபாட்டையாகிவிட்டது.

தராசின் மறுதட்டு

இவ்வளவு சொன்னபிறகு இன்னொரு பக்கத்தையும் பார்ப்பதுதான் நியாயம்.

தமிழ்நாட்டுக்கென்று ஆயிரம் ஆண்டுக் கோயிற்கலை இருக்கிறது. அதை விட்டுவிட்டு, பெரும்பாலும் வடக்கே வளர்ந்த முஸ்லிம் பாணியைச் சென்னைக் கடற்கரைக்குக் கொண்டுவருவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. மொகலாயச் சக்கரவர்த்திகளின் வாரிசுகள் தாங்களே என்று காட்டிக்கொள்ள வெள்ளைக்காரருக்கு அந்தக் குவிமாடங்கள் உதவின என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. நாட்டுத் தொழிலாளியின் பாஷையைப் போற்றினாலும், அந்தப் பாஷையில் என்ன சொல்லவேண்டும் என்று தீர்மானித்தது சர்க்கார்தான்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. செனட் மண்டபத்துத் தூணைச் செதுக்கிய சிற்பி யார்? தளம் போட்ட கொத்தனார் யார்? திருவனந்தபுரத்துக் கூரையைக் கோத்த தச்சர் யார்? சிஷோமின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அஸ்திவாரக் கல் நாட்டிய பிரபுக்களின் பெயர் கல்லிலேயே இருக்கிறது. காண்டிராக்டர் பெயரும் கிடைக்கிறது. பாஷைக்குச் சொந்தக்காரனின் பெயரை மட்டும் காணோம்.

இப்படித்தான் எங்கும் நடக்கவேண்டும் என்றில்லை. மாநிலக் கல்லூரி எழத் தொடங்கிய காலத்தை ஒட்டி, துருக்கிய சுல்தானின் ஆட்சியில் இருந்த பல்கேரியாவில் யாந்த்ரா நதியின்மேல் ஒரு கல் பாலம் எழுந்தது. 1865-ல் தொடங்கி 1867-ல் முடிந்தது. கட்டியவர் கோல்யு பிச்செட்டோ. 1800-ல் பிறந்து கொத்து வேலையிலேயே வளர்ந்த உள்ளூர் மேஸ்திரி. மாதாகோயில்களும் சத்திரங்களும் பாலங்களும் அவர் கட்டினார். அந்நாட்டின் மறுமலர்ச்சிக் காலக் கட்டடங்கள் என்று உலகத்தார் இன்று போய்ப் பார்க்கிற வீடுகளும் கோயில்களும் அவரைப் போன்ற மேஸ்திரிகளின் கைவேலை. பல்கேரியா 1878-ல் விடுதலை அடைந்தது. அந்த மேஸ்திரியின் பெயரை அந்நாடு மறக்கவில்லை, பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். அங்கே கொத்தனாரே கட்டடக்கலைஞர். இங்கே கொத்தனாரின் பெருமையைச் சொல்வதற்கும் ஒரு வெள்ளைக்காரர் வேண்டியிருந்தது.

கடைசிக் கட்டடம்

வயது ஏறியபின் சிஷோம் தாய்நாடு திரும்பினார். அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய வேலை ஒரு தேவாலயம். கிறிஸ்தவ விஞ்ஞான சபை என்ற பிரிவினருக்காக லண்டன் ஸ்லோன் டெரஸில் 1907-ல் அதைக் கட்டி முடித்தார். பிறந்த நாட்டில் கட்டும்போதாவது சொந்த நாட்டுப் பாணிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. செனட் மண்டபத்துக்குத் துணைநின்ற அதே பைசாந்தியப் பாணியைத்தான் அங்கும் கையாண்டார். சென்னைக் கடற்கரையில் பழகிய கை லண்டனிலும் மறக்கவில்லை போலும்.

நாளடைவில் அந்தச் சபைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். 2004-ல் அது கடோகன் மண்டபம் என்ற பெயரில் சங்கீத சபையாக மாறியது. பிரார்த்தனைக்காகக் கட்டிய கூடத்தில் இன்று வாத்தியங்கள் ஒலிக்கின்றன.

சிஷோம் 1915-ல் காலமானார். அவர் பெரும் கட்டடங்களை எழுப்பிய சென்னையில் அவருக்குச் சிலை இல்லை. ஆனால் அவர் கட்டடங்களுக்கு எதிரே, கடற்கரை மணலில் வேறொரு சிலை இருக்கிறது. நான்கு உழைப்பாளிகள் பெரும் பாறை ஒன்றை நெம்புகோலால் பெயர்க்கிறார்கள். நரம்பு புடைக்கிறது, முகம் இறுகுகிறது. 1959-ல் அந்த உழைப்பாளர் சிலை அங்கே வைக்கப்பட்டது. வடித்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சிஷோம் ஒருகாலத்தில் தலைமை வகித்த அதே ஓவியப் பள்ளிக்கு இந்தியரில் முதல் தலைவராக வந்தவர். பெயரில்லாத கைகளுக்கு அந்தப் பள்ளியே பின்னாளில் செலுத்திய வணக்கம் என்று அதைக் கொள்ளலாம்.

சாலைக்கு இந்தப் பக்கம், பெயர் தெரியாதவர்கள் கட்டிய மண்டபம். அந்தப் பக்கம், பெயர் சொல்லப்படாத நான்கு உழைப்பாளிகள்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊரின் பெயரை வேறு யாரும் தங்கள் சரக்குக்கு வைத்து விற்க முடியாது. ஊருக்குப் பெயர் கிடைத்துவிட்டது, நல்ல காரியம். இனி அந்தப் பட்டறையில் வாங்கும் பிள்ளையாரைப் பூஜை அறையில் வைக்கிறவர்கள், செதுக்கியவர் பெயரையும் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளலாம். செனட் மண்டபத்துத் தூணைச் செதுக்கியவரிடம் அப்படி யாரும் கேட்கவில்லை.